கடலுக்குக் கிளம்பும் முன் மாதத்தைப் பாருங்க
கொங்குப் பக்கத்திலிருந்து கடலோரச் சின்ன ஊருக்குப் போவதென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தரங்கம்பாடி, டிசம்பரில் கேரளத்தின் வர்க்கலா என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுப்பதால் அது கேரளக் கரையில்தான் கொட்டும். அலை உயர்ந்து வர்க்கலாவில் நடக்க மணலே மிஞ்சாது. வடகிழக்குப் பருவமழைக்கு அடி வாங்குவது கிழக்குக் கரை.

கோவை–மயிலாடுதுறை ஜன சதாப்தி திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாகப் போகிறது. இறங்கியதும் தரங்கம்பாடிக்கு பஸ், சுமார் 30 கி.மீ. ஆனால் ஜூன், ஜூலை வெயில் சுள்ளென்று இருக்கும். 1620இல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

அக்டோபரில் இந்தக் கணக்கு செல்லாது. துலாமழை என்று மலையாளத்தில் சொல்லும் வடகிழக்குப் பருவமழை கேரளத்தையும் நனைக்கும்.