சொத்தைக் கடலை: வறுத்தாலும் போகாத நஞ்சும் நாம் செய்யும் தவறுகளும்

வறுத்த கடலையை ஒரு கைப்பிடி வாயில் போட்டால் நடுவில் ஏதாவது ஒன்று கசந்து தொலைக்கும். எழுந்து போய்த் துப்பச் சோம்பல்பட்டு, பெரும்பாலும் அப்படியே விழுங்கிவிடுகிறோம். அது வேண்டாம். துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிடுங்கள்.

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்பது மண்ணிலேயே வாழும் ஒரு பூஞ்சை. காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்து நிலம் வறண்டால் கடலைக்குள் புகுந்துகொள்ளும். பறித்த காயைச் சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் உள்ளேயே பெருகும். அது உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளடாக்சின். 1960-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணத்தைத் தேடிப் போனவர்கள் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்து வீக்கம் என்று எல்லாம் கல்லீரல் கெட்டதற்கான அடையாளங்கள்.

நம்மிடம் உள்ள பெரிய தவறு, அடுப்பை நம்புவது. ‘வேகவைத்தால் எல்லா விஷமும் போய்விடும்’ என்ற எண்ணத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, தண்ணீரில் போட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதிலுள்ள சயனைடு பெருமளவு போய்விடுகிறது. அஃப்ளடாக்சின் அப்படிப்பட்டதல்ல. அது சிதைய 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு வேண்டும். குக்கருக்குள் சூடு 120 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். மணலில் வறுத்தால் கொஞ்சம் குறையும், ஆனால் முழுக்கப் போகாது. கழுவித் துடைத்தால் பூஞ்சை போகும், நஞ்சு பருப்புக்குள்ளேயே இருக்கும்.

அப்படியானால் கடலையே வேண்டாமா? வேண்டும். ஏழைக்கும் எட்டும் நல்ல புரதம் அது. இந்த நஞ்சு ஒரு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. பெரும்பகுதி ஒரு சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும். அந்தச் சிலதை எடுத்துவிட்டாலே மீதி பெருமளவு சுத்தமாகிவிடும். ஆகவே முறத்தில் பரப்பிப் பொறுக்குவதுதான் வீட்டில் செய்யக்கூடிய மிகச் சிறந்த தடுப்பு. சூம்பியது, கருத்தது, தோலின் நிறம் மாறியது, உடைந்தது, பச்சையோ மஞ்சளோ பொடி படிந்தது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நாக்கை மட்டும் நம்பிப் பயனில்லை. கசப்பு பருப்பு கெட்டதைக் காட்டும், ஆனால் இந்த நஞ்சுக்கென்று தனி ருசி கிடையாது. மசாலா பூசியோ மாவில் தோய்த்தோ விற்கும் கடலையில் பொறுக்கவும் வழியில்லை. குழந்தைகளுக்கு அதை அடிக்கடி வாங்கித் தருவதை நான் விரும்புவதில்லை.

சரி, பொறுக்கியதை என்ன செய்கிறோம்? இங்கேதான் அடுத்த தவறு. ‘வீணாக்குவானேன்’ என்று மாட்டுத் தொட்டியில் கொட்டுகிறோம். மாட்டின் கல்லீரல் அதை அஃப்ளடாக்சின் எம்1 என்ற வேறு வடிவத்துக்கு மாற்றுகிறது. ஒரு நாளுக்குள் அது பாலில் வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88-ல் இந்த எம்1 வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நாம் பிண்ணாக்கையும் பூசணம் பிடித்த சோளத்தையும் பார்ப்பதில்லை. நல்ல தீவனத்துக்கு மாற்றினால் சில நாட்களிலேயே பாலில் இது குறைந்துவிடுகிறது என்பது ஆறுதலான விஷயம். பொறுக்கிய சொத்தையை மாடும் கோழியும் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

‘எண்ணெய்க்குத்தானே’ என்று சொத்தையைச் செக்குக்கு அனுப்புவதும் இதே வகைதான். ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கோடு தங்கினாலும் ஒரு பங்கு எண்ணெயில் இறங்கும். ஆலைச் சுத்திகரிப்பில் காரம் சேர்க்கும் கட்டத்தில் அது நீங்குகிறது. மரச்செக்கில் அந்தக் கட்டமே கிடையாது. செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் என்ன கடலை ஆட்டுகிறார்கள் என்று கேளுங்கள். செக்கடியில் கிடக்கும் பருப்பைக் கையில் அள்ளிப் பாருங்கள்.

உடைக்கும்போது பருப்பு சிதையாமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் களத்தில் உண்டு. நன்றாகக் காய்ந்த கடலைக்கு மறுபடி ஈரம் கொடுத்துப் பூஞ்சையை எழுப்புவது அது. எடையும் உருவமும் நன்றாக இருக்கும் என்பதால் விலை கிடைக்கிறது. விவசாயியை மட்டும் குறை சொல்ல முடியாது, காய்ந்த பருப்புக்கு நல்ல விலை தராத சந்தைக்கும் இதில் பங்குண்டு.

‘இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறோம், என்ன ஆகிவிட்டது?’ என்று கேட்பவர்கள், உடனே தெரியாததால் கேடே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிறிது சிறிதாகப் போகும் நஞ்சு கல்லீரல் செல்லின் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. புற்றுநோயாக வெளிப்படப் பல வருடங்கள் ஆகலாம். ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இந்த நஞ்சின் தடயம் மட்டும் சிறுநீரில் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 3 மடங்கு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்ற வைரஸ் தொற்று மட்டும் இருந்தவர்களுக்குச் சுமார் 7 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கோ சுமார் 60 மடங்கு.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். பெரியவர்களில் பலர் போட்டுக்கொண்டதில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதையும் கேட்டுவிடுங்கள்.