செனிசே மிளகாய்: வளர்த்து, உலர்த்தி, மொறுமொறுப்பாக வறுக்கும் முறை

தெற்கு இத்தாலியின் பசிலிகாட்டா மண்டலத்தில் உள்ள செனிசே என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய இந்த மிளகாய், 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. காரமின்றி இனிக்கும் இதன் சதை மெல்லியது, நீர்ச்சத்தும் குறைவு. ஆகவே காற்றிலேயே உலர்ந்துவிடும், உலர்ந்த பிறகும் காம்பு உதிராது. இவ்விரு குணங்களுக்காகவே இதை வளர்க்க வேண்டும் என்பேன்.

அவ்வூர்ப் பருவப்படி பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ விதைகளை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் நாற்றுத் தட்டில் ஊன்றி, ஈரமும் வெதுவெதுப்பும் குறையாமல் காக்க வேண்டும். குளிர் முற்றிலும் விலகிய மே மாதத்தில், நல்ல வெயில் படும் இடத்தில் செடிக்குச் செடி 40 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடலாம். வேரில் நீர் தேங்கக் கூடாது.

ஆகஸ்டு முதல், முழுதும் சிவந்த பழங்களை மட்டும் காம்போடு பறித்து, நிழலில் துணி மேல் இரண்டு மூன்று நாள் பரப்பி வையுங்கள். பின்னர் தடித்த நூல் கோத்த ஊசியைக் காம்பின் அடிப்பகுதியில் செலுத்தி, ஒன்றன் மேல் ஒன்று அழுந்தாதவாறு சுற்றிலும் திருப்பித் திருப்பிக் கோக்க வேண்டும். 'செர்தா' எனப்படும் இந்தச் சரத்தைக் காற்றோட்டமான, மழை படாத இடத்தில் தொங்கவிட்டால், சில வாரங்களில் பழங்கள் சருகாகும். செனிசேயின் பால்கனிகளில் இச்சரங்கள் செந்நிறமாகத் தொங்குவது கண்கொள்ளாக் காட்சி.

இனி வறுத்தல், பொறுமையும் வேகமும் ஒருசேர வேண்டிய கட்டம் இதுவே. மிளகாயைக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து, காம்பையும் விதையையும் நீக்குங்கள். ஆலிவ் எண்ணெயைப் புகையாத அளவுக்குச் சூடாக்கி, இரண்டிரண்டாகப் போட்டு, உப்பி நிறம் பளிச்சிட்டதும் உடனே எடுத்துவிட வேண்டும். மோர் மிளகாயைப் போலக் கருகும்வரை விட்டால் கசப்பேறிவிடும், ஏனெனில் இதற்கு வேண்டியவை சில விநாடிகளே. எடுத்தவுடன் மென்மையாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். ஆறியதும் அப்பளம்போல் நொறுங்கும். அதனால்தான் இதை, மொறுமொறுப்பானது என்னும் பொருளில், 'க்ருஸ்கோ' என்கிறார்கள்.

மிச்சமான எண்ணெயை வீணாக்காமல், அதில் ஒரு பூண்டுப் பல்லையும் பழைய ரொட்டியின் துருவலையும் பொன்னிறமாக வறுத்து, வெந்த பாஸ்தாவோடு புரட்டுங்கள். மிளகாயைக் கையால் நொறுக்கி, உப்புச் சேர்த்து, பரிமாறும் நொடியில் தூவுங்கள். முன்கூட்டியே கலந்தால் ஆவியில் நமத்துவிடும்.