டிஷ்வாஷரில் நம்ம வீட்டுப் பாத்திரங்களை அடுக்குவது எப்படி?

டிஷ்வாஷரோடு வரும் கையேட்டுப் படங்களில் பீங்கான் தட்டும் ஒயின் கிளாஸுமாக இருக்கும். நம்ம சிங்க்கில் கிடப்பதோ வாணலி, குக்கர், குழிக்கரண்டி, டபரா டம்ளர். அடுக்கும் முறையும் அதற்கேற்ப மாறத்தான் வேண்டும்.

முதலில் மிச்சம் மீதியை வழித்துக் கொட்டுங்கள். கறிவேப்பிலையும் முருங்கைச் சக்கையும் ஃபில்டரை அடைத்துவிடும். அதற்காகக் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிட்டு வைக்காதீர்கள், பிறகு மெஷின் எதற்கு? காய்ந்துபோன இட்லி மாவுப் பாத்திரத்தை மட்டும் ஊறவைத்துவிடுங்கள்.

கீழ்த்தட்டில் வாணலி, பாத்திரங்கள், சாப்பாட்டுத் தட்டுகள். எல்லாமே கவிழ்த்து, கொஞ்சம் சாய்த்து. தாம்பாளத்தைப் படுக்கப் போட்டால் கீழிருந்து பீய்ச்சும் தண்ணீரை அதுவே மறித்துவிடும்; ஓரமாக நிறுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதிகமென்றால் 70 டிகிரி இன்டென்சிவ் புரோகிராம் போடுங்கள்.

இனி சொல்வதுதான் முக்கியம். மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டுக்கும் அடியில் ஸ்ப்ரே ஆர்ம், அதாவது தண்ணீரைப் பீய்ச்சும் கை, சுற்றும். கரண்டிக் காம்பு ஒன்று கம்பி இடுக்கு வழியாக ஒரு விரல் நீளம் கீழே இறங்கினாலும் போதும், அதில் இடித்து ஆர்ம் நின்றுவிடும். திறந்து பார்த்தால் ஒரு பக்கத்துத் தட்டெல்லாம் பளபள, மறுபக்கம் சாம்பார் அப்படியே காய்ந்திருக்கும். மெஷின் ரிப்பேர் என்று சர்வீஸுக்கு போன் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். கீழே உயரமான குண்டான் இருந்தால் மேல் ஆர்மும் முட்டும். கதவைச் சாத்துமுன் இரண்டையும் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். குழிக்கரண்டி, ஜல்லிக்கரண்டியை மேல்தட்டில் படுக்க வைப்பதே நல்லது.

இன்னொன்று: கதவை ஒட்டிப் பெரிய தட்டை நிறுத்தினால் சோப்புப் பெட்டியின் மூடி திறக்க இடமிருக்காது. கழுவி முடித்த பிறகும் சோப்பு மாத்திரை உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

டம்ளர், டபரா, பிளாஸ்டிக் எல்லாம் மேலே. ஒன்றுக்குள் ஒன்று செருகக் கூடாது.

சிலவற்றை மெஷினில் வைக்கவே கூடாது. அலுமினியம் கறுத்துவிடும். இரும்புத் தோசைக்கல்லின் பதம் போய்த் துருப்பிடிக்கும். பித்தளை, ஈயச்சொம்பு, மரக்கரண்டி பக்கமே போக வேண்டாம்.

மாத்திரையைவிடப் பவுடர்தான் என் கட்சி, அழுக்குக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்கலாம். போர் தண்ணீர் வீடுகளில் டிஷ்வாஷர் உப்பு கட்டாயம். அது பாத்திரம் தேய்க்க அல்ல, மெஷினுக்குள் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் ரெசினைப் புதுப்பிக்க. சமையல் உப்பைக் கொட்டிவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: குக்கர் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எவர்சில்வர் என்றால் தாராளமாக; அலுமினியமோ ஹார்டு அனோடைஸ்டோ வேண்டாம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிக் கையால் கழுவுங்கள். மூடி வெளியே வந்ததும் ஆவித் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பருப்புத் துணுக்கு ஏதும் சிக்கியிருந்தால் ஊசியால் குத்தி எடுத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.