நாகர்கோவில் மாடியில் சோலார் போடலாமா? மேகத்தைக் கணக்கில் எடுத்துப் பார்ப்பது எப்படி

நாகர்கோவிலில் சோலார் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் வானத்தைக் காட்டுவார். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் நனைக்கும் ஊர் இது. சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால், இங்கே முடிவைத் தீர்மானிப்பவை இரண்டு: உங்கள் ஈ.பி. பில் எந்த அடுக்கில் நிற்கிறது, பக்கத்துத் தென்னை எங்கே நிற்கிறது. மேகம் மூன்றாவதாகத்தான் வரும்.

முதலில் மேகத்தையே பார்த்துவிடுவோம். ஜெர்மனியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுக்கு ஏறக்குறைய 950 முதல் 1,000 யூனிட் தருகிறது. அந்த வெளிச்சத்தை வைத்தே அங்கே வீடு வீடாகக் கூரையில் பேனல் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் வெயில் மிகுந்த ஊர்களில் 1,500 யூனிட் எதிர்பார்க்கலாம். நாகர்கோவிலுக்கு 1,350 என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4.5 யூனிட் தாண்டும். மழை மாதங்களில் சராசரி 3 முதல் 3.5, வானம் கறுத்து மூடிய நாளில் 1 யூனிட் வந்தாலே அதிகம். விற்பவர் “தினமும் 5 யூனிட்” என்று சொன்னால் 365-ஆல் பெருக்குங்கள். 1,825 வரும். இந்த ஊரில் அது நடக்காது.

மேகத்தால் சிறு நன்மையும் உண்டு. 25 டிகிரிக்கு மேல் சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். ஏப்ரல் மதியம் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். வானம் மூடி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் வீசும் மாதங்களில் பேனல் அவ்வளவு சூடாகாது, அந்த இழப்பு குறைவு.

உங்கள் வீட்டுக்கே உரிய எண் வேண்டுமென்றால் குளோபல் சோலார் அட்லஸ், பி.வி.ஜி.ஐ.எஸ். என்ற இரண்டு இணையக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைபடத்தில் வீட்டைக் குறித்து, பேனல் அளவைக் கொடுத்தால் மாதவாரியாக யூனிட் காட்டும். பி.வி.ஜி.ஐ.எஸ்.ஸில் இழப்பு 14 சதவீதம் என்று தானாகவே இருக்கும். தூசி, பறவை எச்சம், உப்புக் காற்று எல்லாவற்றையும் நினைத்து அதை 18 ஆக்குங்கள். இரண்டு கருவிகளிலும் வரும் எண்ணில் சிறியதையே எடுங்கள். இவை பக்கத்து மரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் அறியாது. அவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பில்லில் தொடங்குங்கள்

கடந்த ஓராண்டின் ஆறு பில்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள யூனிட்டை எழுதுங்கள். கீழே உள்ள கணக்கு 2024 ஜூலையில் அறிவித்த கட்டண விகிதப்படி போட்டது. உங்கள் கடைசி பில்லில் வேறு விகிதம் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு ரூ.2.35, அதற்கடுத்த 100-க்கு ரூ.4.80. மொத்தம் ரூ.715. ஆண்டுக்கு ரூ.4,290. பில் முழுவதையும் அழித்தாலும் மிச்சம் அவ்வளவுதான். 1 கிலோவாட் அமைப்பு மானியம் போக ரூ.45,000 என்று வைத்தால், போட்ட பணம் திரும்பப் பத்தரை ஆண்டு. இந்த வீட்டுக்கு இப்போது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

520 யூனிட் வீடு வேறு கதை. 500-ஐத் தாண்டியதும் 101–200 யூனிட்டுக்கான சலுகை விகிதம் போய்விடுகிறது. 500-க்கு மேலே உள்ள 20 யூனிட்டுக்கும் தலா ரூ.8.55. ஆக பில் ரூ.2,256. அதே 1 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 225 யூனிட் தந்தால், மீதி 295 யூனிட்டுக்கு ரூ.691 மட்டும். ஆண்டு மிச்சம் ஏறக்குறைய ரூ.9,400, போட்ட பணம் ஐந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும். 500-க்கு மேலே கொஞ்சமாக நிற்கும் வீடுகள்தான் சிறிய அமைப்பால் அதிகம் பயனடைபவை. அவர்களிடம்தான் “எதற்கும் 3 கிலோவாட் போட்டுவிடுங்கள்” என்று சொல்லப்படுகிறது.

3 கிலோவாட் பொருந்துவது ஏ.சி. ஓடும், 800 யூனிட் வரும் வீட்டுக்கு. ரூ.4,870 பில்லில், சராசரியாக 675 யூனிட்டைப் பேனல் பார்த்துக்கொண்டால் கையில் கொடுப்பது நூறு ரூபாய்க்குள். மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தில் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000, உச்சவரம்பு ரூ.78,000. கொட்டேஷன் 2 லட்சம் என்றால் கைக்காசு ரூ.1,22,000. நான்கரை ஆண்டில் திரும்பிவிடும். சோலார் இணைப்புக்கு வலையமைப்புக் கட்டணம் (ஈ.பி. லைனைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) வசூலிக்கிறார்களா என்று ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டு, இருந்தால் மிச்சத்தில் கழியுங்கள்.

தேவைக்கு மேல் பெரிதாகப் போடாதீர்கள். ஈ.பி.க்குப் போகும் உபரி யூனிட்டின் மதிப்பு, நீங்கள் வாங்காமல் தவிர்த்த யூனிட்டின் மதிப்பைவிடக் குறைவுதான். மழை மாதப் பற்றாக்குறையை நிரப்புவதற்காக அளவைக் கூட்டினால் பங்குனி வெயிலில் வரும் யூனிட் மலிவாகப் போகும்.

நிழலைப் பாருங்கள்

காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு மாடிக்கு ஏறி, நிழல் விழும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். காலை 9 மணி வாக்கில் மரத்தின் நிழல் அதன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1 முதல் 1.5 மடங்கு நீளும். மாடியைவிட 10 மீட்டர் உயர்ந்த தென்னை கிழக்கிலோ மேற்கிலோ 15 மீட்டருக்குள் நின்றால் காலையோ மாலையோ போச்சு. இன்னொன்றையும் பலர் தவறவிடுகிறார்கள். நாகர்கோவில் 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது வடபக்கத்துத் தொட்டியின் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் மட்டும் பார்த்து இடம் குறித்தவர்கள் ஜூனில் மாட்டிக்கொள்வார்கள்.

பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் மேல் விழும் ஓலை நிழல் அந்த வரிசையையே இழுத்துப் பிடிக்கும். நிழல் பட்ட பகுதியைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு இருந்தாலும் நிழல் பட்ட பேனலில் மூன்றில் ஒரு பங்கு முதல் முழுவதும் வரை போகும். நிழல் தவிர்க்க முடியாத மாடிக்கு, ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக இயங்க வைக்கும் மைக்ரோ இன்வெர்ட்டரோ ஆப்டிமைசரோ கேளுங்கள், விலை கூடும். அதைவிட மலிவு, இரண்டு பேனலைக் குறைத்து நிழலற்ற இடத்தில் மட்டும் போடுவது. மட்டையோ தேங்காயோ விழும் இடத்துக்குக் கீழே பேனலே வேண்டாம். கண்ணாடி ஒரு தேங்காய்க்குத் தாங்காது.

சாய்வு 10 டிகிரி போதும். மேகமூட்டத்தில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருவதால் செங்குத்தாக நிறுத்தினால் நஷ்டம். முழுத் தட்டையாகப் போட்டாலும் தவறு: மழைநீர் விளிம்பில் தேங்கி, இந்த ஈரத்தில் பாசி பிடிக்கும், விளிம்போரச் செல்கள் மறைந்துபோகும். 3 கிலோவாட் அமைப்புக்கு 540 வாட் பேனல் ஆறு, அதாவது 3.24 கிலோவாட், நடக்க இடம் விட்டு 250 முதல் 300 சதுர அடி தேவை.

கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

ஜூலை, நவம்பர் இரண்டு மாதத்துக்கும் எத்தனை யூனிட் என்ற மதிப்பீடு. மானியத்துக்கு உள்நாட்டு செல் கொண்ட பேனல்தான் செல்லும், எனவே அந்தச் சான்று. கடற்கரைப் பக்கம் என்றால் ஐ.இ.சி. 61701 உப்புமூட்டச் சோதனை தேறிய பேனல், துருப்பிடிக்காத எஃகு போல்ட். தாங்கிச் சட்டம் 80 மைக்ரான் ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு) செய்தது. வெட்டி, துளையிட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தை என்ன செய்தது என்பது நினைவிருப்பவர்கள் சட்டத்தின் அடித்தளத்தில் பேரம் பேச மாட்டார்கள்.

போட்ட பிறகு வரும் புகார்களில் முதலாவது: “கரண்ட் போனால் சோலாரும் போகிறது.” பேட்டரி இல்லாத நெட் மீட்டர் அமைப்பு (ஈ.பி.யிடம் வாங்கியதையும் கொடுத்ததையும் கழித்துக் கணக்கிடுவது) அப்படித்தான், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக அது நின்றாக வேண்டும். மழைக்கால மின்தடைக்குத் தீர்வாக மட்டும் சோலாரை நினைத்தால், சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி போதும். இரண்டாவது புகார், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் நல்ல வெயிலில் நிற்பது. லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் மதியம் வோல்ட்டேஜ் 250-ஐத் தாண்டி அது அணைந்துவிடும். ஒப்பந்தம் போடும் முன்பே ஒரு வாரம் மதியம் 12 மணிக்கு வோல்ட்மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். அடிக்கடி 245 காட்டினால் முதலில் ஈ.பி.யிடம் மனு கொடுத்துச் சரிசெய்துகொண்டு, பிறகு பேனலுக்கு முன்பணம் கொடுங்கள்.