வேலூரில் இருவர் மட்டும்: 1,200 ரூபாய்க்குள் நிம்மதியான ஒரு ராத்திரிச் சாப்பாடு

கோட்டையையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் பார்க்க இரண்டு நாள் பயணமாக வேலூர் வருகிற தம்பதிகள், ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எட்டரை மணிக்குப் பசியோடு லாட்ஜை விட்டு இறங்கி, முதலில் கண்ணில் படும் ஹோட்டலில் ஏறுகிறார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் இடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். சாப்பாடு நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் நாலு வார்த்தை பேசியிருக்க முடியாது.

ஒன்றரை மணி நேரம் யாரும் விரட்டாமல் உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிட நட்சத்திர ஹோட்டல் தேவையில்லை. நடுத்தர விலை ரெஸ்டாரன்டிலேயே நேரத்தையும் டேபிளையும் சரியாகப் பிடித்தால் போதும். இரண்டுக்கும் தனிக் காசு கிடையாது. முன்கூட்டிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: கிழமையும் மணியும்

கடையைத் தேடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். ஞாயிறு ராத்திரி வேண்டவே வேண்டாம். ஊரே குடும்பத்தோடு வெளியே சாப்பிடுகிற நாள் அது. ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை டேபிளுக்காக ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். நீங்கள் கடைசிக் கவளத்தில் இருக்கும்போதே சப்ளையர் பில்லை வைத்துவிடுவார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, வாசலில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. சனிக்கிழமைதான் முடியும் என்றால் சீக்கிரமே போய்விடுங்கள்.

ஏழு மணிக்கு உட்காருவது சிறந்தது. தந்தூரி அடுப்பைப் பல கடைகளில் சாயங்காலம்தான் மூட்டுகிறார்கள். ஏழுக்குள் அது சூடேறித் தயாராக இருக்கும். கூட்டமும் வந்திருக்காது. கிச்சனுக்கு அவசரம் இல்லாததால் கேட்டது கேட்டபடி வரும். எட்டேகால் ஆகிவிட்டால் இந்த மூன்றும் போய்விடும்.

காலண்டரையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பௌர்ணமி அன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பகுதி வேலூர் வழியாகப் போகும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஹோட்டல்களில் அன்றைக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயில் பக்கம் இதே கதைதான். புரட்டாசி சனிக்கிழமை என்றால் அசைவ ஹோட்டல்களில் கூட்டம் குறைவாக இருக்கும், சைவ ஹோட்டல்கள் நிரம்பி வழியும். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டிச் சில அசைவக் கடைகளின் நேரம் மாறுவதுண்டு. அதை போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: ஊரில் எந்தப் பக்கம்

காந்தி ரோடு, அதை ஒட்டிய தெருக்கள், சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசல். இங்கே ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்களுக்காக மீன் குழம்பும் ரொட்டியும் போடுகிற கடைகள், வங்காள எழுத்தில் போர்டுகள். விலையும் சகாயம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுப் போகிற இடம் இது. மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நிதானமாக உட்கார ஏற்றதல்ல.

கோட்டையைச் சாயங்காலம் பார்க்கிறீர்கள் என்றால் ஆபிசர்ஸ் லைன் பக்கம் வசதி. அகழியை ஒட்டி நடந்து, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, ஆட்டோ பிடிக்காமலே சாப்பிடப் போய்விடலாம். கோயில் சிற்ப மண்டபத்தில் கண் வைத்தால் நேரம் போவது தெரியாது, அதற்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒரு தொந்தரவு உண்டு. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹாரன் சத்தம். ரோட்டைப் பார்த்த கண்ணாடி ஓரம் அழகாகத் தெரியும், காதுக்கு ஆகாது. உள்பக்கம் அல்லது முதல் மாடி கேளுங்கள்.

கிரீன் சர்க்கிள், புது பஸ் ஸ்டாண்ட், சத்துவாச்சாரி வரை நீளும் நெடுஞ்சாலை ஓரம்தான் இந்த வேலைக்கு முதலில் தேட வேண்டிய பகுதி. தங்கும் ஹோட்டல்களோடு சேர்ந்த ரெஸ்டாரன்ட்கள் இங்கே உண்டு. மஞ்சள் வெளிச்சம், இடம் விட்டுப் போட்ட டேபிள்கள், கார் நிறுத்த இடம் எல்லாம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

காட்பாடியில் வி.ஐ.டி.யைச் சுற்றி மாணவர்களுக்கான கஃபேக்கள் இருக்கின்றன. செலவு குறைவு. வெள்ளி, சனி ராத்திரிகளில் பாட்டுச் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. கல்லூரி விடுமுறையில் அதே கஃபேக்கள் அமைதியாக இருக்கும்.

ஸ்ரீபுரம் போகிற நாளில் மட்டும் கணக்கைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். கோயிலைச் சுற்றிய நட்சத்திர வடிவப் பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும், திரும்பி வந்து வாங்கவும் வரிசை இருக்கும். விளக்கு ஏற்றிய பிறகு பொற்கோயிலைப் பார்க்க ஆசைப்பட்டால் எட்டரைக்கு முன் டேபிள் சொல்லாதீர்கள். ஹோட்டலுக்கு போன் செய்வதையும் கோயிலுக்குள் போகும் முன்பே முடித்துவிடுங்கள்.

படி 3: படத்தைப் பார்த்து வடிகட்டுவது

கூகுள் மேப்பில் "ஃபேமிலி ரெஸ்டாரன்ட்" என்று தேடி நாலு கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நட்சத்திர மதிப்பெண்ணை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். 4.3 என்று போட்டிருக்கும், அது பார்சல் பிரியாணிக்கு விழுந்த மதிப்பெண்ணாக இருக்கும். ஸ்விக்கி, சொமேட்டோவில் டெலிவரிக்கு விழுந்த மதிப்பெண் வீட்டுக்கு வந்த பொட்டலத்தைப் பற்றியது. உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கடைக்காரர் போட்ட படங்களைத் தள்ளிவிட்டு, வாடிக்கையாளர்கள் கடைசி ஆறு மாதத்தில் போட்ட படங்களைப் பாருங்கள், அதிலும் ராத்திரி எடுத்தவற்றை. தட்டைப் பார்க்க வேண்டாம், தட்டுக்குப் பின்னால் பாருங்கள். வெளிச்சம் வெள்ளையா மஞ்சளா? சுவரில் டிவி இருக்கிறதா? ஒரு நாற்காலியின் முதுகுக்கும் அடுத்த டேபிள் நாற்காலிக்கும் நடுவே ஒரு ஆள் போகும் இடம் இருக்கிறதா? அந்த இடம் இல்லையென்றால் சப்ளையர் ஒவ்வொரு தடவையும் உங்கள் முதுகை உரசிக்கொண்டுதான் போவார். பிறந்தநாள் பலூன் படங்கள் நிறைய இருந்தால் அங்கே பார்ட்டி ஆர்டர் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மொட்டை மாடி ரெஸ்டாரன்ட் படங்கள் மனதை இழுக்கும். சுற்றிலும் பாறை மலைகள் நிற்கிற ஊர் இது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி எட்டு, எட்டரை வரை அந்தச் சூட்டைக் கால்மாட்டில் கக்கிக்கொண்டிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலம் இடி மழை திடீரென்று இறங்கும். மார்கழியிலும் தையிலும் மாடியைப் போல சுகமான இடம் வேறில்லை. மற்ற மாதங்களில் ஏ.சி. ஹால்தான்.

படி 4: போனில் என்ன கேட்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். நடுத்தர ஹோட்டல்களில் புக்கிங் கிடையாது என்று நினைத்துவிடுகிறார்கள். போனில் பெயர் சொல்லி வைத்தால் பல இடங்களில் டேபிள் பிடித்து வைப்பார்கள், வார நாளில் கட்டாயம். முதல் நாள் மத்தியானம் மூன்று, நாலு மணிக்குக் கூப்பிடுங்கள். சாப்பாட்டு நேரக் கூட்டம் ஓய்ந்து கல்லாவில் இருப்பவர் பொறுமையாகப் பேசுகிற நேரம் அது.

"வணக்கம்ணா, நாளைக்கு நைட்டு ஏழு மணிக்கு ரெண்டு பேருக்கு ஒரு டேபிள் வேணும். நானும் வீட்டுக்காரம்மாவும் வர்றோம், கல்யாண நாளு. சுவத்தோரமா, கொஞ்சம் அமைதியான டேபிளா கிடைக்குமா?"

"வாங்க சார், போட்டுத் தர்றோம்."

"நாளைக்கு ஹால்ல பார்ட்டி ஏதாச்சும் இருக்காண்ணா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பக்கத்து ஹாலில் பிறந்தநாள் விழாவும் மைக் செட்டும் இருந்தால் மற்ற எல்லாத் திட்டமும் வீண். "இருக்கு" என்றால் தேதியை மாற்றுங்கள், இல்லை அடுத்த கடைக்கு போன் போடுங்கள். தனி ஃபேமிலி கேபின் இருக்கிறது என்றால் ஏ.சி. அதற்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். தடுப்புப் பலகை வைத்த கேபினுக்குள் காற்று நுழையாமல் வேர்த்துக் கொட்டுவது வழக்கமான குறை.

படி 5: கணக்கு

இருவருக்கும் சேர்த்து 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெனு அட்டையின் படம் மேப்பிலேயே கிடைக்கும். விலைகளை இப்படிப் பொருத்திப் பாருங்கள்: ஒன் பை டூ சூப் 120, ஸ்டார்ட்டர் ஒன்று 260, நான் அல்லது ரொட்டி நாலு 160, கிரேவி ஒன்று 240, இனிப்பு 120. மொத்தம் 900. இதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 45. ஆக 945. சப்ளையருக்கு 50 வைத்தால் 995. மீதி 205 ஆட்டோவுக்கு.

இந்தக் கணக்கு உடைவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஆளுக்கொரு கிரேவி சொல்வது ஒன்று. ஒரு கிரேவி இரண்டு பேருக்குத் தாராளம், இரண்டாவது கிண்ணம் பாதியில் நின்றுவிடும். இன்னொன்று தண்ணீர், ஜூஸ், மாக்டெய்ல். உட்கார்ந்ததும் கேட்காமலே பாட்டில் தண்ணீரைத் திறந்து வைப்பார்கள். வேண்டாம் என்றால் திறக்கும் முன்பே "சாதா தண்ணி போதும்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இருக்கலாம். அங்கே 900 ரூபாய்ச் சாப்பாடு 1,062 ஆகும்.

படி 6: உட்காரும் இடம்

ஏழுக்குப் போனால் ஹாலில் பாதி காலியாக இருக்கும். காட்டிய டேபிளில் உடனே உட்கார்ந்துவிடாமல் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். கை கழுவும் இடத்துக்குப் பக்கம் வேண்டாம், ஈரமும் நடமாட்டமும் ஓயாது. கிச்சன் கதவருகே தாளிப்பு நெடி வரும், பாத்திரச் சத்தம் கேட்கும். பார்சல் கவுண்டர் பக்கம் டெலிவரி தம்பிகள் ஆர்டர் நம்பரைக் கூவிக்கொண்டிருப்பார்கள். ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்தால் கிரேவி பத்து நிமிடத்தில் ஆறி மேலே எண்ணெய் ஏடு கட்டிவிடும்.

மூலையில், இருவருக்கும் சுவர் பக்கம் வருகிற மாதிரி எதிரெதிராக உட்காராமல் டேபிளின் அடுத்தடுத்த பக்கங்களில் உட்காருங்கள். குரலைத் தாழ்த்திப் பேசலாம், ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடவும் வசதி. நாலு பேர் டேபிள் கிடைத்தால்தான் இது நடக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

படி 7: ஆர்டரைப் பிரித்துச் சொல்வது

புதிதாகப் போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, மெனுவை மூடும்போதே எல்லாவற்றையும் சொல்லி முடிப்பது. கிச்சனில் எது முதலில் ரெடியாகிறதோ அது முதலில் வரும். சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதே நான் ரொட்டியும் வந்து நிற்கும். அதைச் சுடச்சுடப் பிய்த்தால் பஞ்சு மாதிரி வரும். ஐந்து நிமிடம் விட்டால் தோல் மாதிரி இழுக்கும், மைதா ஆறினால் அப்படித்தான். பிறகு இருவரும் பேச்சை விட்டுவிட்டு ஆறுகிறதே என்று அவசர அவசரமாகச் சாப்பிடுவீர்கள்.

அதனால் மூன்று சுற்றாகச் சொல்லுங்கள். முதலில் சூப்பும் ஸ்டார்ட்டரும் மட்டும். "மத்ததெல்லாம் அப்புறம் சொல்றோம்ணா, அவசரம் இல்ல" என்ற ஒரு வார்த்தை சேர்த்தால் சப்ளையருக்கும் விஷயம் புரிந்துவிடும், அடிக்கடி வந்து நிற்க மாட்டார். ஸ்டார்ட்டரில் பாதி தீர்ந்ததும் கிரேவியும் இரண்டு நானும். அவை முடியும்போது அடுத்த இரண்டு, சூடாக. இனிப்பு கடைசியில். இப்படிப் போனால் எழுபது, எண்பது நிமிடம் இயல்பாகவே ஓடும்.

ஆம்பூர் பக்கத்துக்கு வந்துவிட்டுப் பிரியாணி சாப்பிடாமல் எப்படி என்று தோன்றும். சாப்பிடுங்கள், மத்தியானம். சீரக சம்பா அரிசியில் தம் போட்ட பிரியாணி, கத்திரிக்காய் கொத்சு, தயிர்ப் பச்சடி. அண்டா திறந்த நேரத்தில் அது வேறு ருசி. பல கடைகளில் பிரதான அண்டா மத்தியானத்துக்குத்தான். ராத்திரியே வேண்டுமென்றால் "நைட்டுக்குத் தனியா தம் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒன்று மட்டும் வாங்கிப் பங்கு வையுங்கள்.

பில் வந்ததும்

மூன்று வரி பார்த்தால் போதும். சொல்லாத ஐட்டம் ஏறியிருக்கிறதா, ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருக்கிறதா, சர்வீஸ் சார்ஜ் என்று தனி வரி உண்டா. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல், கல்லாவில் போய். டேபிளில் வைத்துப் பேசினால் அந்த ராத்திரி கெட்டுப்போகும். உங்களைக் கவனித்துக்கொண்ட சப்ளையருக்கு டிப்ஸை ரொக்கமாகக் கையில் கொடுங்கள்.

திரும்பிப் போக

இறக்கிவிட்ட ஆட்டோக்காரரிடமே எட்டே முக்காலுக்கு வர முடியுமா என்று கேட்டு, வாடகை பேசி, நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மீட்டர் போட்டு ஓட்டுவது வழக்கமில்லை, ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். காட்பாடி ஜங்ஷனில் ராத்திரி ரயில் பிடிக்கிறவர்கள் பாலாற்றுப் பாலத்து நெரிசலுக்கென்று தனியாக அரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பை ஹோட்டலிலேயே முடிக்க வேண்டும் என்றும் இல்லை. பகலில் ஆற்காடு வழியாக வருகிறீர்கள் என்றால் மக்கன் பேடா நாலு வாங்கி வைத்துவிடுங்கள். மெனுவில் இனிப்புக்கு ஒதுக்கிய 120 ரூபாய் மிச்சம். கோவா சேர்த்துப் பிசைந்து, உள்ளே பருப்பு வைத்துப் பொரித்து, பாகில் ஊறப்போட்டது. விண்டால் பாகு கையில் வழியும், அதனால் அறைக்குப் போகும்போது ஹோட்டலிலிருந்து இரண்டு கப்பும் ஸ்பூனும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.