செத்த பிறகு "ஏன் போனாய்?" என்று கேட்காதீர்கள்

வீடியோ கேமில் செத்தவரிடம் "ஏன்டா அங்கே போனாய்?" என்று கேட்டால் எந்த பிளேயரும் ஒரு காரணம் சொல்லிவிடுவார். பொய் என்று சொல்ல வரவில்லை, முடிவு தெரிந்துவிட்டால் மூளை அதற்கேற்ற கதையைத் தானே கட்டிக்கொடுத்துவிடும், அவரும் அதை நம்பிவிடுவார். கோச்சாக நீங்கள் பிடிக்க வேண்டியது அந்தக் கதைக்கு முந்தைய நொடியை.

ரீப்ளேயை அவர் சாவதற்குப் பத்து விநாடி முன்னால் நிறுத்துங்கள். அவர் திரையில் தெரிந்தது மட்டும் தெரியட்டும். எல்லாரையும் மேலிருந்து காட்டும் பார்வை வேண்டாம், அதில் யாரும் ஞானி ஆகிவிடலாம். இப்போது கேளுங்கள்: இந்த இடத்தில் உனக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன, ஊகித்தது என்ன, அந்த ஊகத்துக்கு நூற்றுக்கு எத்தனை கொடுப்பாய்? பதிலை எழுதிவைத்த பிறகுதான் ஓடவிட வேண்டும். எண் முக்கியம். 90 என்று சொன்னவை பாதி நேரம் தப்பாகிறது என்பதை அவரே தன் நோட்டில் பார்க்கும்போது உறைப்பது, நீங்கள் திட்டினால் உறைக்காது.

ஓர் உதாரணம். வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஓர் அணி ஸ்பைக்கை, அதாவது குண்டை, வைத்தால் 45 விநாடியில் வெடிக்கும், எதிரணி அதை டிஃப்யூஸ் செய்ய, அதாவது செயலிழக்க வைக்க, 7 விநாடி வேண்டும். இன்னும் 5 விநாடிதான் இருக்கிறது, எதிரி கையே வைக்கவில்லை, இனி ஒளிந்திருந்தாலே ரவுண்டு ஜெயம், அப்போதும் குண்டு வைத்த அணியில் ஒருவர் எட்டிப் பார்த்துச் சாகிறார். கணக்கு அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இதற்குக் குறிபார்க்கும் (எய்ம்) பயிற்சி கொடுத்துப் பயனில்லை. "அப்போது உன் கவனம் எங்கே இருந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கோச்சுக்குக் கஷ்டம், எனக்கும்தான்.

ஜெயித்த ரவுண்டுகளையும் இப்படியே பாருங்கள். தப்பான முடிவெடுத்து அதிர்ஷ்டத்தில் தப்பித்தவை அங்கேதான் ஒளிந்திருக்கும், யாரும் தேடுவதில்லை.

விளையாடிக்கொண்டே யோசனையை வாய்விட்டுச் சொல்லவைப்பதும் நல்ல பயிற்சி, ஆனால் பயிற்சி மேட்ச்சில் மட்டும். ரேங்க் மேட்ச்சில் செய்தால் டீம்மேட்களின் காது போய்விடும். டில்ட் ஆவதற்கு, அதாவது எரிச்சலில் நிதானம் இழப்பதற்கு, முன் தன்னிடம் என்ன மாறுகிறது என்பதையும் அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் பேச்சை நிறுத்திவிடுவார், இன்னொருவர் திரை மூலையில் இருக்கும் மினிமேப்பைப் பார்க்கவே மாட்டார்.

அப்புறம், இப்படித் தன் யோசனையைத் தானே கவனிப்பதற்குப் பெயரான 'மெட்டாகாக்னிஷன்' என்ற வார்த்தையைப் பதினாறு வயதுப் பையனிடம் சொல்லிவிடாதீர்கள். உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1970களில் அந்தப் பெயரை வைத்தது ஆராய்ச்சியாளர்களுக்காக. பையனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு ரீப்ளே, ஒரு நோட்டு போதும்.