ரோபோ வேக்குவம் வைஃபையில ஏறலையா? ரீசெட் பட்டன்ல இருந்து கையை எடுங்க

கேமரா மாட்டுறது, வைஃபை லைன் இழுக்கிறதுதான் என் தொழில். கோயம்புத்தூர்ல சரவணம்பட்டி, வடவள்ளி பக்கம் அபார்ட்மெண்ட்கள்ல ரோபோ வேக்குவம் இப்போ சாதாரணமா ஆயிடுச்சு. கேமராவுக்குன்னு கூப்பிடுறவங்க, "அப்படியே இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க தம்பி"ன்னு சோபாவுக்கு அடியில கையைக் காட்டுறாங்க. மெஷின் ஓடுது, சார்ஜ் ஏறுது, இங்கிலீஷ்ல பேசக்கூடச் செய்யுது. போன்ல மட்டும் 'ஆஃப்லைன்'. நான் போய்ச் சேர்றதுக்குள்ள வீட்டுல யாராவது ஒருத்தர் ரீசெட் அமுக்கி, ஆப்பை அழிச்சு மறுபடி ஏத்தி, மேப்பையும் தொலைச்சிருப்பாங்க.

நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின மெஷின் இன்னைக்கு ஆஃப்லைன் ஆனா, பெரும்பாலும் மெஷின் மாறியிருக்காது. வீட்டுல வேற ஏதோ மாறியிருக்கும். நெட் கம்பெனி மாத்தியிருப்பீங்க, பாஸ்வேர்ட் மாத்தியிருப்பீங்க, ரவுட்டரை டிவி ஸ்டாண்டுக்குள்ள தள்ளியிருப்பீங்க, புது போன் வாங்கியிருப்பீங்க. அது என்னன்னு முதல்ல யோசிச்சுப் பாருங்க. ரீசெட் எங்கயும் ஓடிடாது.

ரீசெட்டுலயே ரெண்டு வகை இருக்கு. வைஃபை ரீசெட் பண்ணினா பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் மட்டும்தான் மெஷின் மறக்கும். ஃபேக்டரி ரீசெட் பண்ணினா மேப், ரூம் பேர், 'இங்க போகாதே'ன்னு போட்ட கோடு, தினசரி டைமிங் எல்லாமே போயிடும். ஆப்ல டிவைஸை டெலீட் பண்ணினாலும் சில பிராண்டுல மேப் காலி. பூஜை ரூம் கோலத்தை அழிக்காம இருக்க ஒரு கோடு, நாய்த் தண்ணிக் கிண்ணத்தைச் சுத்தி ஒரு கட்டம், மிதியடிக்கு ஒரு கட்டம்னு போட்டு வச்சிருக்கிறவங்களுக்கு அந்த வலி தெரியும்.

இன்னொண்ணு, ஆஃப்லைன்னா அவசரம் எதுவும் இல்ல. மேல இருக்கிற பட்டனை அமுக்குங்க, பெருக்கும். சார்ஜ் டாக்குக்குத் திரும்பிப் போறதுக்கும் வைஃபை தேவையில்ல. டாக்ல இருந்து வர்ற இன்ஃப்ராரெட் சிக்னலைப் பிடிச்சுப் பெரும்பாலான மெஷின் தானாப் போய்ச் சேர்ந்துடும். இன்னைக்குக் கூட்டிப் பெருக்கியாச்சுன்னா நிதானமா உட்கார்ந்து பாக்கலாம்.

தப்பு மெஷின்லயா, ரவுட்டர்லயா?

இதைக் கண்டுபிடிக்க நான் எப்பவும் பண்றது ஒரு சின்ன வேலை. ரவுட்டரை ஆஃப் பண்ணிடுவேன். ஒரு போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, அதுக்கு மெஷின் கடைசியா ஏறியிருந்த வைஃபையோட அதே பேரை வைப்பேன், அதே பாஸ்வேர்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல இருக்கிற இடைவெளி, எல்லாம் அச்சு அசலா இருக்கணும். ஆண்ட்ராய்டுல ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல பேண்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ், செக்யூரிட்டி டபிள்யூபிஏ2 தேர்ந்தெடுக்கணும். ஐபோன்ல ஹாட்ஸ்பாட் பேர்ங்கிறது போனோட பேர்தான், அதை 'அபவுட்' பக்கத்துல மாத்தணும். ஐபோன் 12ல இருந்து 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'ன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை ஆன் பண்ணினாத்தான் 2.4ல வரும்.

போனை மெஷின் பக்கத்துல வச்சுட்டு, மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. மெஷினுக்கு ஆள் மாறினது தெரியாது. பழைய வீடுன்னு நினைச்சு வந்து ஒட்டிக்கும். ரெண்டு மூணு நிமிஷத்துல, மொபைல் டேட்டா போட்ட இன்னொரு போன்ல ஆப்பைத் திறந்து பாருங்க. 'ஆன்லைன்' வந்துட்டா மெஷின் பத்தரை மாத்துத் தங்கம், இனி அதைத் தொடவே வேண்டாம், ரவுட்டரைத்தான் பாக்கணும். வரலைன்னா மெஷின் பழைய விவரத்தை மறந்திருக்கும், இல்லைன்னா அதோட வைஃபைதான் பிரச்சினை. இதுல ஒரு மேப்கூடப் போகாது.

ரவுட்டர்ல பாக்க வேண்டியது

பெரும்பாலான ரோபோ வேக்குவம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிக்கும். விலை கூடுதலான சில மாடல்தான் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும். கம்பெனிக்காரங்க கஞ்சத்தனம் மட்டும் இல்ல இது. 2.4 மெதுவா இருந்தாலும் சுவர் தாண்டிப் போகும், மெஷினுக்குத் தேவையோ துளியூண்டு டேட்டா. சிக்கல் எங்க வருதுன்னா, இப்போ வர்ற ஃபைபர் ரவுட்டர்கள் ரெண்டையும் ஒரே பேர்ல விடுது. போனை எதுல ஏத்தணும்னு ரவுட்டரே முடிவு பண்ணும். போனுக்கு அது சரி. மெஷினை ஆப்ல சேர்க்கும்போது மட்டும் போன் 5ல, மெஷின் 2.4லன்னு ஆயி, சில ஆப் குழம்பிடும்.

ரவுட்டர் பக்கத்துக்குள்ள போங்க. ஜியோ ஃபைபர்னா பிரவுசர்ல 192.168.29.1, மத்த நிறைய ரவுட்டர்ல 192.168.1.1. உள்ள போற யூசர்நேமும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். 'பேண்ட் ஸ்டியரிங்' இல்லைன்னா 'ஸ்மார்ட் கனெக்ட்'னு இருக்கிறதை ஆஃப் பண்ணி, 5க்கு மட்டும் வேற பேர் குடுங்க. பழைய பேரை 2.4க்கே விட்டுடணும். நிறைய பேர் இதைத் தலைகீழாப் பண்ணி, 2.4க்குப் புதுப் பேர் வைக்கிறாங்க. அப்புறம் வீட்டுல இருக்கிற பல்பு, கேமரா, ஸ்மார்ட் பிளக் எல்லாம் சேர்ந்து ஆஃப்லைன் ஆயிடும்.

அடுத்தது செக்யூரிட்டி. புது ரவுட்டர்ல டபிள்யூபிஏ3 போட்டிருந்தா பல மெஷின் உள்ளயே வராது. டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, ஏஇஎஸ் போதும். 2.4ல மோட் 'ஏஎக்ஸ்'னு (அதாவது வைஃபை 6) இருந்தா அதை பி/ஜி/என்னுக்கு இறக்குங்க. பழைய மெஷின்கள் சிலதுக்கு ஏஎக்ஸ் ஒத்து வராது. சேனலை 'ஆட்டோ'ல விடாம 1, 6, 11 இதுல ஒண்ணுல வைங்க. இந்தியாவுல 13 வரைக்கும் அனுமதி உண்டு, ரவுட்டர் சில நேரம் தானா 12, 13க்குத் தாவிடும். அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்த மெஷின் 11 வரைக்கும்தான் பாக்கும். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராதுன்னு கண்ணாமூச்சி ஆடுற கேஸ்ல இதை முதல்ல சந்தேகப்படுங்க.

வைஃபை பேரைத் தமிழ்ல வைக்கிறது எனக்கும் பிடிக்கும். ஆனா பேருக்கு மொத்தம் 32 பைட்தான் இடம், தமிழ்ல ஒவ்வொரு எழுத்தும் குறியும் 3 பைட் எடுக்கும். 'எங்கள் வீடு'ன்னு வச்சாலே 31 ஆயிடுச்சு. அது பரவாயில்லைன்னாலும், சில மெஷினோட ஆப் இந்தப் பேர்களைச் சரியா அனுப்பாது. பாஸ்வேர்ட்லயும் வித்தியாசமான குறி, கடைசியில ஒரு காலி இடம் எல்லாம் வேண்டாம்.

இதெல்லாம் மாத்த ரவுட்டர் விடமாட்டேங்குது, நெட் கம்பெனி பூட்டி வச்சிருக்குன்னா, கெஸ்ட் நெட்வொர்க் இருக்கான்னு பாருங்க. அதை 2.4ல, டபிள்யூபிஏ2ல போட்டு மெஷினை மட்டும் அதுல ஏத்திடலாம். சேர்க்கும்போது போனும் அதே கெஸ்ட்ல இருக்கணும். கெஸ்ட்ல ஒரு சாதனம் இன்னொண்ணைப் பாக்க முடியாதபடி தடுப்பு இருந்தா, சேர்க்கிற நேரத்துக்கு மட்டும் அதை எடுத்துடுங்க.

நெட் கம்பெனி மாத்துறவங்களுக்கு: புது ரவுட்டர் வந்ததும், பழைய ரவுட்டர்ல இருந்த அதே பேர், அதே பாஸ்வேர்டை அதுல போடச் சொல்லுங்க. லைன் போட வர்ற பையன் சிரிச்சுக்கிட்டே அஞ்சு நிமிஷத்துல பண்ணிக் குடுத்துடுவான். வீட்டுல எதையும் மறுபடி சேர்க்க வேண்டியதில்ல.

மறுபடி சேர்த்தே ஆகணும்னா

மெஷினை டாக்ல ஏத்தி, டாக்கையும் சேர்த்து ரவுட்டர் இருக்கிற ரூமுக்கே தூக்கிட்டு வாங்க. வேலை முடிஞ்சதும் திரும்ப வச்சுக்கலாம். வைஃபை ரீசெட் ஒவ்வொரு பிராண்டுக்கும் வேற மாதிரி. நிறைய மாடல்ல பவர் பட்டனையும் வீடு படம் போட்ட பட்டனையும் சேர்த்து சில விநாடி அமுக்கினா, 'ரீசெட்டிங் வைஃபை'ன்னு குரல் வரும். குரல் வந்ததும் கையை எடுத்துடுங்க. சில மாடல்ல இன்னும் அமுக்கிட்டே இருந்தா வேற ரீசெட்டுக்குப் போயிடும்.

இப்போ மெஷின் தானே ஒரு வைஃபையை விடும். போன் அதுல சேர்ந்து, வீட்டு வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். பாதிப் பேர் விழுறது இங்கதான். மெஷின் விடுற வைஃபையில இன்டர்நெட் கிடையாது. போன் அதைப் பாத்ததும், 'இதுல நெட் இல்லை'ன்னு மொபைல் டேட்டாவுக்கு ஓடிடும், ஆப் 50 சதவீதத்துல நிக்கும். மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு ஆரம்பிங்க. 'நெட் இல்லாட்டியும் இதுலயே இருக்கவா?'ன்னு போன் கேட்டா ஆமான்னு சொல்லுங்க. விபிஎன் இருந்தா அதையும் நிறுத்துங்க.

ஆண்ட்ராய்டுல லொகேஷன் ஆன்ல இருக்கணும், ஆப்புக்கு அந்த அனுமதியும் வேணும். "வீடு கூட்ட எதுக்குங்க நான் இருக்கிற எடம்?"னு ஒரு அம்மா என்கிட்ட சண்டைக்கே வந்தாங்க. கேள்வி நியாயம்தான். அக்கம்பக்கம் என்ன வைஃபை இருக்குங்கிறதை வச்சே ஆள் எங்க இருக்காருன்னு கணிக்க முடியுங்கிறதால, வைஃபை தேடுற ஆப் எல்லாம் அந்த அனுமதி கேட்கணும்னு ஆண்ட்ராய்டே வச்சிருக்கு. சேர்த்து முடிச்சதும் எடுத்துடலாம். ஐபோன்ல 'லோக்கல் நெட்வொர்க்'னு ஒரு அனுமதி. முதல் தடவை வேண்டாம்னு அமுக்கியிருந்தா ஆப் மறுபடி கேட்காது, செட்டிங்ஸ்ல போய்த்தான் ஆன் பண்ணணும்.

யார் கணக்குல இருக்கு?

வடவள்ளியில ஒரு வயசான தம்பதி வீட்டுல ரவுட்டர், வைஃபை, பாஸ்வேர்ட் எல்லாம் சரி, ஆனா ஒவ்வொரு தடவையும் கடைசி நிமிஷத்துல ஆப் தட்டிவிடுது. விசாரிச்சா, பையன் டல்லாஸ்ல இருந்து லீவுக்கு வந்தப்போ தன்னோட கணக்குல சேர்த்துக் குடுத்துட்டுப் போயிருக்கார். நிறைய பிராண்டுல ஒரு மெஷின் ஒரு கணக்குலதான் இருக்கும். அவர் அங்க இருந்தே சேர்க்கவும் முடியாது. சேர்க்கிற போன் மெஷின் பக்கத்துலயே இருக்கணும். அவர் தூங்கி எழுந்ததும் ஆப்ல எடுத்துவிடச் சொல்லி, அம்மாவோட போன்ல சேர்த்து, அங்க இருந்து பையனுக்கு 'ஷேர்' குடுத்தேன். யார் வீட்டுல இருக்காங்களோ அவங்க போன்லதான் முதல்ல சேர்க்கணும். "இனி அவன் அங்கிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டி விடமாட்டானுங்களே?"ன்னு அந்த ஐயா கேட்டார். ஷேர் குடுத்தா ஓட்டலாம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

ஆப்ல தேர்ந்தெடுக்கிற நாடும் முக்கியம். சீனாவுல விக்கிறதுக்குன்னு வந்த மெஷினை இங்க இந்தியா சர்வர்ல சேர்த்தா 'இந்தப் பகுதிக்கு இல்லை'ன்னு ஆப் மறுக்கும். மலிவா கிடைக்குதுன்னு வெளிநாட்டு மாடல் வாங்குறதுக்கு முன்னாடி இதையும், டாக்கோட அடாப்டர் 230 வோல்ட்டைத் தாங்குமான்னும் பாருங்க.

பாதியில பாதியில விட்டுப்போனா

ஹால்ல இருக்கும்போது ஆன்லைன், பின் பெட்ரூமுக்குப் போனா ஆஃப்லைன்னா அது சிக்னல் விஷயம். கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, பாத்ரூம் டைல்ஸ், ஃபிரிட்ஜ் எல்லாம் சிக்னலைத் தின்னும். மெஷினோ தரையோட தரையா, கட்டிலுக்கு அடியில போகுது. சில ஆப்ல நெட்வொர்க் விவரப் பக்கத்துல சிக்னல் எண் மைனஸ்ல காட்டும். -50, -60 நல்லது. -75ஐத் தாண்டி -80 பக்கம் போனா தொங்கல்தான். ரவுட்டரை செருப்பு அலமாரியில இருந்து எடுத்து நெஞ்சு உயரத்துல வச்சாலே பல வீட்டுல முடிஞ்சுடும். டாக் இருக்கிற இடத்துல சிக்னல் நல்லா இருந்தா, நடுவுல கொஞ்ச நேரம் விட்டுப்போறதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம், திரும்பி வந்ததும் அது ஒட்டிக்கும்.

சிக்னல் எட்டாத ரூமுக்குன்னு மெஷ், ரிப்பீட்டர் மாதிரி கூடுதல் யூனிட் போட்ட வீட்டுல மெஷின் தூரத்து யூனிட்டையே பிடிச்சுத் தொங்கும். 'ஃபாஸ்ட் ரோமிங்'னு இருந்தா ஆஃப் பண்ணுங்க. கரண்ட் போய் வந்ததும் ஆஃப்லைன் ஆகுற மெஷினும் உண்டு, ரவுட்டர் முழுசா எழுந்திரிக்கிறதுக்குள்ள தேடித் தேடி அலுத்து விட்டுடும். அதுக்கு ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் போதும், கேமராவுக்கும் நல்லது. வாங்கும்போது ரவுட்டர் அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கோ அதுக்கு ஒத்து வருதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

பிஜி, ஹாஸ்டல்ல ஓடிபி போட்டு உள்ள போற வைஃபையில இந்த மெஷின் ஏறாது, ஓடிபி போட அதுக்குத் திரை இல்ல. சொந்தமா ஒரு சின்ன ரவுட்டர்தான் வழி.

இவ்வளவுக்கும் அப்புறம் மெஷின் விடுற வைஃபையே எந்தப் போன்லயும் தெரியலைன்னா, இல்ல பக்கத்துலயே வச்ச ஹாட்ஸ்பாட்லகூட ஏறலைன்னா சர்வீசுக்குக் குடுங்க. அடியில இருக்கிற சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கோங்க, பில்லைத் தேடி வைங்க, தண்ணித் தொட்டியைக் காலி பண்ணிடுங்க. 'போர்டு மாத்தணும்'னு சொன்னாங்கன்னா, அவங்க கடையிலயே உங்க போன் ஹாட்ஸ்பாட்ல ஒரு தடவை சேர்த்துக் காட்டச் சொல்லிட்டு அப்புறமா காசைக் குடுங்க.